பழைய கட்சிக்காரர்

எங்கள் ஊரில் கூலிப் பேச்சு என்றால் அது தறிக்கூலிப் பேச்சுதான். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. நூல் கொடுக்கிறவர் ஒருவர். பாவு வாங்கி வந்து வீட்டில் தறி ஓட்டுகிறவர் இன்னொருவர். நூல் விலை ஏறினாலும் முதலில் அடிபடுவது கூலி, துணி தேங்கினாலும் முதலில் அடிபடுவது கூலி. அதனால் சில வருடங்களுக்கு ஒரு முறை தறிகள் நிற்கும், தெரு அமைதியாகும், யாராவது நடுவில் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள்.

நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு பேச்சு நடந்தது. இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒருவரைத் தலைவராக வைத்தார்கள். வயதான வக்கீல், ஊரில் எல்லாருக்கும் அவர் ‘வக்கீல் சார்’தான். இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டார். கேட்ட உயர்வில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முடித்துக் கொடுத்தார். கை தட்டினார்கள், காபி குடித்தார்கள், மறுநாள் தறி ஓடியது.

மூன்று மாதம் கழித்து ஒரு விஷயம் வெளியே வந்தது. நூல் கொடுக்கிற முதலாளிகளில் ஒருவருக்கு வக்கீல் சார் பல வருடங்களாக செக் கேஸ் நடத்தி வந்திருக்கிறார். கூலிப் பேச்சுக்கும் செக் கேஸுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அன்றிலிருந்து தெருவில் பேச்சு மாறிவிட்டது. “பாதிதான் வாங்கிக் கொடுத்தாரு, ஏன்னு இப்பதான் புரியுது” என்றார்கள். அடுத்த முறை தறி நின்றபோது நடுவில் உட்கார ஒருத்தரும் கிடைக்கவில்லை. பத்து நாளில் முடிய வேண்டியது ஒன்றரை மாதம் இழுத்தது. அந்த ஒன்றரை மாதமும் எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

நான் வக்கீல் சாருக்காக அப்பாவிடம் வாதாடினேன். கல்லூரியில் புதிதாகப் படித்த சூடு. வக்கீல் வேறு, அவரோட கட்சிக்காரர் வேறு. கொலைகாரனுக்கு ஆஜரானா வக்கீல் கொலைகாரனா என்றெல்லாம் கேட்டேன். அப்பா நூல் முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அது கோர்ட்ல. இங்க அவரு கோர்ட்டுக்கா வந்தாரு?” கொஞ்ச நேரம் கழித்து, “தீர்ப்பு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல” என்றார்.

எனக்கு அப்போது பதில் இல்லை. இப்போது நானும் வக்கீல். இந்த வருடம் மறுபடியும் கூலிப் பேச்சு வருகிறது. ‘தம்பி நம்ம ஊருப் புள்ள, படிச்சவரு, பொதுவா உட்காரட்டும்’ என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அப்படிச் சொல்லி அனுப்பியவர்களுக்கு நான் யார் யாருக்கு ஆஜராகியிருக்கிறேன் என்று முழுதாகத் தெரியாது.

ஊருக்குள்ளேயே வைத்து யோசித்தால் முகங்கள் குறுக்கே வருகின்றன. அதனால் இதே கேள்வியை எனக்கு யாரும் சொந்தமில்லாத ஓரிடத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இடம் துறைமுகம். மலை தெரிகிற ஊர்க்காரனுக்கு எதற்குத் துறைமுகம் என்று கேட்கலாம். மழைக்காலத்தில் பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலத்தை மூழ்கடிக்கிற எங்கள் கொசஸ்தலை ஆறு, பூண்டி வழியாகப் போய் எண்ணூரில்தான் கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்துக்கு வடக்கே இருக்கும் காமராஜர் துறைமுகம் எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் தறி, கிழக்கு ஓரத்தில் கப்பல்.

துறைமுகத்தை நடத்துகிற சபைகளுக்கு நூற்றைம்பது வருட வரலாறு உண்டு. கல்கத்தாவில் 1870-ல் துறைமுகக் கமிஷனர்கள் வந்தார்கள். பம்பாயில் 1873-ல் போர்ட் டிரஸ்ட். சென்னையில் போர்ட் டிரஸ்ட் 1905-ல். தமிழில் அதைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் என்றார்கள். டிரஸ்டி என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல, திருத்தணி மலைக்கோயிலுக்கும் அறங்காவலர்கள் உண்டு. அடுத்தவர் சொத்தை அடுத்தவருக்காகப் பார்த்துக்கொள்கிறவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே துறைமுகக் கமிஷனர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சியாட்டில் துறைமுகம் 1911-ல் அப்படித்தான் உருவானது. இன்று அதற்கு ஐந்து கமிஷனர்கள், நான்கு வருடப் பதவிக்காலம். கப்பல் துறையோடு விமான நிலையத்தையும் அவர்கள்தான் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட பதவிக்கு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தமாக ஒரு தொழில் இருக்கும். ஒருவர் வழக்கறிஞராக இருந்தால் அவரைப் பற்றிய அறிமுகத்தில் ஒரு வரி வரும்: இத்தனை வருடம் வழக்கறிஞர், இன்ன துறையில் அனுபவம்.

இந்த ஒரு வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அது எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது?

துறைமுகச் சபை முடிவு செய்கிற விஷயங்களைப் பாருங்கள். எந்த நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, எந்தக் கம்பெனிக்கு எந்தத் தளத்தைக் கொடுப்பது, கட்டணம் எவ்வளவு, தூர்வாரும் ஒப்பந்தம் யாருக்கு, வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு என்ன பொறுப்பு. இந்த ஒவ்வொன்றிலும் இரண்டு தரப்பு இருக்கும். அந்த ஊரில் இருபது வருடம் தொழில் செய்த வக்கீல் ஏதோ ஒரு தரப்புக்கு எப்போதோ ஆஜராகியிருப்பார். கப்பல் ஏஜென்ட்டுக்காகவோ, சரக்கு இறக்கும் தொழிலாளியின் நஷ்டஈட்டுக்காகவோ வாதாடியிருப்பார். ‘துறைமுகச் சட்டத்தில் அனுபவம்’ என்ற பெருமைக்கும் ‘துறைமுகத்தில் இவருக்குப் பழைய கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள்’ என்ற சந்தேகத்துக்கும் மூலம் ஒன்றுதான்.

வக்கீல் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் அந்தத் தரப்பில்தான் இருக்கிறேன். வக்கீல் தன் கட்சிக்காரரின் கருத்தைச் சுமப்பவர் அல்ல. யாருக்கும் ஒரு வக்கீல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் தொழில் விதிகள் வருகிற வழக்கைக் காரணமில்லாமல் தட்டிக்கழிக்கக் கூடாது என்கின்றன. இன்று கப்பல் கம்பெனிக்கு ஆஜரானவர் நாளை தொழிலாளிக்கு ஆஜராகலாம். இதை ஒப்புக்கொள்ளாவிட்டால், வெறுக்கப்படுகிறவனுக்கு வக்கீலே கிடைக்க மாட்டார். என் அப்பாவிடம் நான் சொன்னது தப்பில்லை.

ஆனால் அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. தனக்குப் பண லாபம் இருக்கிற வழக்கில் ஆஜராகக் கூடாது. ஒரு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறவர் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவும் ஆஜராகக் கூடாது, எதிராகவும் கூடாது. வக்கீலும் கட்சிக்காரரும் முழுக்க வேறு வேறு என்றால் இந்த விதிகளுக்கு அவசியமே இல்லை. பழக்கம் ஒட்டும் என்று தொழிலுக்கே தெரியும், அதனால்தான் வேலி போட்டிருக்கிறது. அந்த வேலி கோர்ட்டுக்குள் பலமாக இருக்கிறது. வெளியே ஒரு பொதுச் சபையில் உட்காரும்போது வேலியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கிற பழைய வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில், 1852. கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க் கம்பெனிக்கும் டைம்ஸ் என்ற ஒருவருக்கும் நில வழக்கு. கம்பெனிக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை உறுதி செய்தவர் லார்டு சான்சலரான காட்டன்ஹாம், அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிபதி. அவருக்கு அதே கால்வாய்க் கம்பெனியில் பங்குகள் இருந்தன. அந்தப் பங்குகள் அவர் மனதைக் கடுகளவும் மாற்றியிருக்காது என்று எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் அவர் கொடுத்த உத்தரவை பிரபுக்கள் சபை ரத்து செய்தது. அவர் நேர்மையானவரா என்ற கேள்விக்குள் சபை போகவே இல்லை. பங்கு இருக்கிறவர் அந்த நாற்காலியில் இருந்ததே போதுமான காரணமாயிற்று.

அதைவிட எனக்கு நெருக்கமானது நம் சுப்ரீம் கோர்ட் 1957-ல் முடித்த மாணக்லால் வழக்கு. ராஜஸ்தானில் ஒரு வக்கீல் மீது தொழில் ஒழுங்கு மீறல் புகார். விசாரிக்க மூன்று பேர் குழு. குழுத் தலைவர் மூத்த வழக்கறிஞர், முன்பு அட்வகேட் ஜெனரலாகவும் இருந்தவர். அவர் அதற்கு முன் புகார் கொடுத்தவருக்காக ஒரு வழக்கில் ஆஜராகியிருந்தார். அது அவருக்கு நினைவில்கூட இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் அவர் அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றது. விசாரிக்கப்படுகிறவர் மனதில் நியாயமான அச்சம் எழுந்தால் போதும், பாரபட்சம் நடந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாணக்லால் தோற்றார். விஷயம் அவருக்கும் அவருடைய வக்கீலுக்கும் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும் அவர்கள் வாய் திறக்கவில்லை, முடிவு எதிராக வந்த பிறகு ஆட்சேபம் சொல்லக் கூடாது என்றது கோர்ட். தெரிந்தும் பேசாமல் இருந்தால் கேட்கிற உரிமை போய்விடும்.

அப்பா சொன்னது எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது. எங்கள் தெருக்காரர்களும் முதல் நாளில் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததற்குக் காரணம், கேட்பதற்கு அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. தெரியாதவரிடம் ‘அப்பவே கேட்டிருக்கலாமே’ என்று சொல்ல முடியாது. விஷயம் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். தெரிந்தவர் முதலில் சொல்ல வேண்டும். மற்றவர்களின் கேட்கிற கடமை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சரி, அப்போ தரப்பே இல்லாத ஆளாகப் பார்த்து உட்கார வைத்தால் தீர்ந்ததா? நம் துறைமுகச் சட்டங்கள் போன வழி இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. 1963-ன் பெரிய துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டத்தில், கப்பல் உரிமையாளர், சரக்கு அனுப்புகிறவர், துறைமுகத் தொழிலாளர் என்று ஒவ்வொரு தரப்பின் பெயரிலும் சபையில் ஆள் இருந்தார். ‘இவர் கப்பல்காரர்களின் ஆள்’ என்பது அவர் நாற்காலியிலேயே எழுதியிருந்த மாதிரி. 2021-ல் வந்த பெரிய துறைமுக அதிகார அமைப்புச் சட்டம் சபையைச் சிறியதாக்கியது. தொழிலாளர்களுக்காக இரண்டு பேர் தொடர்கிறார்கள். அரசுத் துறைகளின் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக இரண்டிலிருந்து நான்கு வரை ‘சுயேச்சை உறுப்பினர்கள்’ வந்தார்கள். மீனவருக்கென்று ஓரிடம் பழைய சட்டத்திலும் இல்லை, புதியதிலும் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிகிறது, ஆழம் குறைகிறது என்று வருடக்கணக்கில் சொல்லிவருகிறவர்கள் சபைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

சுயேச்சை என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. யாரிடமிருந்து சுயேச்சை? தரப்பு வெளியே தெரிகிற ஆளிடம் ‘நீ உன் தரப்பைத்தான் பேசுவே’ என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். பொதுவானவர் என்று பெயர் வைத்து உட்காருகிறவரிடம் அப்படிச் சொன்னால் அது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. எங்கள் வக்கீல் சாரிடம் யாரும் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே பொதுவானவர் என்று பெயர் வாங்கியவர், தரப்போடு வந்தவரைவிட அதிகமாகத் தன்னைத் திறந்து காட்ட வேண்டும்.

துறைமுகம், வக்கீல் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தால் தமிழில் வருகிற பெயர் ஒன்றுதான். வ.உ.சிதம்பரம் பிள்ளை வக்கீலின் மகன், தானும் வக்கீல். ஒட்டப்பிடாரத்தில் தொழில் செய்து, 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார். 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், மூலதனம் 10 லட்சம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்திருந்த தனி ஆட்சியை அது உடைத்தது.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனம்தான் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கும் அங்கே ஏஜென்ட். அதாவது வ.உ.சி. எதிர்த்த மில் முதலாளி, அவருடைய கப்பலுக்குப் போட்டியான கப்பலின் ஆள். இன்றைய மொழியில் சொன்னால் இதைவிடத் தெளிவான ‘நலன் மோதல்’ இருக்க முடியாது. தொழிலாளிமேல் உள்ள அக்கறையா, கப்பல் போட்டியா என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதில் தப்பும் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி தூத்துக்குடியில் யாரையும் ஏமாற்றியிருக்காது. வ.உ.சி.க்குக் கப்பல் கம்பெனி இருப்பது ஊருக்கே தெரியும், அவரே மேடை போட்டுப் பங்கு விற்றவர். மில் தொழிலாளிக்கு அவர் யார், எந்தப் பக்கம், அவருக்கு இதில் என்ன என்பதெல்லாம் தெரிந்துதான் கூட வந்தான். மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அவருடைய நலனும் அவர்களுடைய நியாயமும் ஒரே திசையில் போயின, அது எல்லார் கண் முன்னாலும் நடந்தது. அவர் நடுவராக வந்து உட்காரவில்லை, ஒரு பக்கம் நின்றார், நிற்கிறேன் என்று சொல்லி நின்றார்.

அதற்கு அவர் கொடுத்த விலை நமக்குத் தெரியும். மார்ச் 12-ல் கைது. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார், மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. வக்கீல் சன்னதும் பறிபோனது. 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்குச் சொந்தத் தொழிலைச் செய்ய அனுமதி இல்லை. பல வருடம் கழித்து நீதிபதி வாலஸ் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தபோது, அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். எந்தத் துறைமுகச் சபையும் அந்தக் காலத்தில் அவரை உள்ளே விட்டிருக்காது.

வ.உ.சி. போல எல்லாரும் ஒரு பக்கம் நின்றுவிட்டால் நடுவில் யார் உட்காருவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நடுவர்களும் தேவைதான். எங்கள் ஊர் ஒன்றரை மாதம் பட்டபாடு அதைத்தான் காட்டியது. அப்படி உட்காருகிற வக்கீலுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வியாபாரி தன் பங்குகளைச் சொல்லிவிடலாம், அது அவர் ரகசியம். வக்கீலிடம் இருப்பதோ அடுத்தவர் ரகசியம். கட்சிக்காரர் அறைக்குள் வைத்துச் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம், எங்கள் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. முழுதாகச் சொன்னால் பழைய கட்சிக்காரருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் புதிதாக நம்புகிறவருக்குத் துரோகம்.

ரொம்ப நாள் இதற்கு வழியே இல்லை என்று நினைத்தேன். இப்போது, சிக்கலை இரண்டாகப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது. கோர்ட்டில் வக்காலத்து தாக்கல் செய்த வழக்கில் நான் யாருக்கு ஆஜரானேன் என்பது ரகசியம் இல்லை, அது கோர்ட் ஆவணத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது. வாய் வராததற்குக் காரணம் கூச்சம்தான். கோர்ட்டுக்கே வராமல் அறைக்குள் சொன்ன ஆலோசனை ரகசியம். அதைச் சொல்ல முடியாது, ஆனால் ‘இந்த விஷயத்தில் நான் உட்கார முடியாது’ என்று எழுந்து போகலாம். காரணம் சொல்லாமல் எழுந்து போவது யார் ரகசியத்தையும் உடைக்காது. எழுந்து போகவேண்டிய விஷயங்களே பாதிக்கு மேல் இருக்கும் என்றால், அந்தப் பதவி தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதே மரியாதை.

இன்னொரு பழக்கத்தையும் நான் வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு முடிவைப் பார்த்தவுடன் என் மனம் கேட்கிற முதல் கேள்வி, ‘கேஸ் போட்டா நிக்குமா?’ என்பது. கட்சிக்காரருக்கு அது நல்ல கேள்வி. அடுத்தவர் சொத்தைக் காக்க உட்கார்ந்தவருக்கு அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். கேஸில் நிற்கக்கூடிய குத்தகையும் கேஸில் நிற்கக்கூடிய கூலியும் ஒருத்தர் வயிற்றில் அடிக்கலாம். வக்கீல் சார் கொடுத்த முடிவும் எந்தக் கோர்ட்டிலும் நின்றிருக்கும். அது நம்பிக்கையில்தான் நிற்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேச்சு. நான் போகப்போகிறேன், நடுவில் உட்கார அல்ல. போன வாரம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: நூல் தரப்பில் இரண்டு பேருக்கு நான் வக்காலத்து போட்டிருக்கிறேன், ஒரு வழக்கு இன்னும் நடக்கிறது. தறி ஓட்டுகிறவர்களில் ஒருவருக்கு மின்கட்டண விவகாரம். தவிர, என் அப்பாவே தறிக்காரர். ஆள் அனுப்பியவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு தம்பி, உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

“தெரியாதுண்ணா. அதான் எழுதிக் கொடுக்கறேன்” என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறு யாராவது கிடைத்தால் அவரிடமும் இதே மாதிரி ஒரு தாள் கேட்கிறோம் என்றார். யாருமே கிடைக்காவிட்டால், எல்லார் முன்னாலும் இந்தத் தாளைப் படித்துக்காட்டி, அதற்குப் பிறகும் இரண்டு தரப்பும் என்னை உட்காரச் சொன்னால் உட்காருவதா என்று கேட்டார். அந்த நடக்கிற வழக்கு இருக்கும்வரை முடியாது என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் தறியை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலே, “அப்ப நடுவுல யாரு?” என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.